காப்பியாம்ல!

'லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்' (1998) படம் 'பல்ப் ஃபிக்‌ஷன்' (1994) காப்பின்னு இன்னமும் சொல்றவங்களே, ரெண்டையும் முழுசாப் பார்த்தீங்களா?

டரண்டினோ காலத்தைக் கலைச்சுப் போட்டார். கய் ரிட்சி கதை பெரும்பாலும் நேராத்தான் போகுது, பொருள்தான் கைமாறுது. கள்ளச் சீட்டாட்டத்தில் அஞ்சு லட்சம் பவுண்டு கடன், ஒரு வாரக் கெடு. பணம், கஞ்சா, ரெண்டு பழைய துப்பாக்கி எல்லாம் லண்டன் திருடங்களுக்குள்ளேயே சுத்துது. யாரோடதை யார் அடிச்சாங்கன்னு அவங்களுக்கே தெரியாது, நமக்குத் தெரியும். சிரிப்பே அங்கதான்.

'ஸ்னாட்ச்' (2000) படத்தில் மிக்கியோட அம்மா வண்டிவீட்டோட எரியும்போது அதே சிரிப்பு தொண்டையிலேயே நிக்குது. பாதிப்பு இருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா காப்பியடிக்கிறவனுக்கு இது வராதுங்க.