ஸ்காபரோவில் அரைக்கும் மிக்சி, நுகேகொடையில் சேரும் கொமிஷன்

கண்டி வீதியில் மாவனல்லைப் பக்கம் போனால் வீதியின் இரு கரையிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவரும் வான்கள் அங்கே நிற்கும். அவர்கள் கறுவாவும் சந்தனத் தைலமும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபிறகு சாரதி மட்டும் ஒரு நிமிடம் உள்ளே போய்வருவார். கொழும்பில் இரத்தினக்கல் கடைக்கு ஆள் கொண்டுபோகும் முச்சக்கரவண்டிக்காரருக்கும் இதே கணக்குத்தான். கடை அவருடையதல்ல, சரக்கு அவருடையதல்ல, பில் போடுவதும் அவரல்ல. கூட்டிவந்ததற்குக் காசு.

இந்தத் தொழிலில் ஒரு தந்திரமும் உண்டு. தன்பாட்டில் நடந்துபோய்க் கடைக்குள் நுழையும் வெளிநாட்டவரின் பின்னாலேயே போய், காசாளரைப் பார்த்து ‘நான்தான் கொண்டுவந்தேன்’ என்று கண்ணைக் காட்டுவது. இதைப் பின்னால் வரும் ஒரு வழக்குக்காக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1996 ஜூலையில் அமேசன் நிறுவனம் இதே தொழிலை இணையத்துக்குக் கொண்டுபோனது. உங்கள் பக்கத்தில் ஒரு புத்தகத்தின் இணைப்பைப் போடுங்கள், அதை அழுத்தி வந்தவர் வாங்கினால் உங்களுக்கு ஒரு பங்கு என்றது. இன்று வானின் இடத்தில் கைத்தொலைபேசி. டிக்டொக், யூடியூப், வட்ஸ்அப் குழு என்று எங்கும் லிங்க். அபிலியேட் மார்க்கெட்டிங் என்று பெரிய பெயர் சொன்னாலும் எங்கள் பையன்கள் அதை ‘லிங்க் போட்டுக் கொமிஷன் எடுக்கிறது’ என்றுதான் சொல்கிறார்கள். அதைவிடத் தெளிவான வரைவிலக்கணம் இல்லை.

நுகேகொடையை இதற்கான ஊராகச் சொல்லலாம். ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் கங்கொடவிலையில், திறந்த பல்கலைக்கழகம் நாவலையில். 138ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கும் மாணவர்களுக்கான போர்டிங் அறைகள், டியூஷன் வகுப்புகள், ரீலோட் போடும் கொமியூனிகேஷன் கடைகள் என்று ஹைலெவல் வீதியின் இரு பக்கமும் நிறைந்திருக்கின்றன. டியூஷன் மதில்களில் ஒட்டும் சுவரொட்டியைப்போல, இந்த வயதினரின் போன் திரையில் இப்போது இன்னொரு வகுப்பின் விளம்பரம் ஓடுகிறது: கையில் போன் இருந்தால் போதும், வேலையைக் குறைந்த காசுக்கு ஆள் பிடித்துச் செய்விக்கலாம், நித்திரை கொள்ளும்போதும் டொலர் வரும்.

ஏன் டொலர் என்று யாரும் கேட்பதில்லை. 2022 மார்ச் 31 இரவு பொருளாதார நெருக்கடியை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் திரண்ட மிரிஹான, நுகேகொடைக்குப் பக்கத்து இடம். அந்த மாதம் 7ஆம் திகதி மத்திய வங்கி நாணயமாற்று வீதத்தின் பிடியைத் தளர்த்தியது. 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு. டொலரில் சம்பாதித்தவனுடைய வீட்டில் மட்டும் அரிசி விலை பாதியாகத் தெரிந்த காலம் அது. அதைக் கண்ட பிள்ளைக்கு டொலர்மீது ஆசை வரத்தான் செய்யும். ஆசையைக் குறை சொல்ல நான் வரவில்லை, கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அமேசனின் அமெரிக்கத் தளத்தில் சமையலறைப் பொருளுக்குக் கொமிஷன் நூற்றுக்கு நாலரை. 40 டொலர் பொருள் ஒன்று விற்றால் கையில் 1 டொலர் 80 சதம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 540 ரூபாய். இப்போது ஒரு குறுங்காணொளியை வெளியே கொடுத்துச் செய்விக்க 3,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காசை மீட்கவே ஆறு பொருள் விற்க வேண்டும். லிங்கை அழுத்தும் நூறு பேரில் இரண்டு பேர் வாங்குவார்கள் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 300 பேர் அழுத்த வேண்டும். அந்த 300 பேரை விளம்பரம் போட்டு, தலைக்கு 10 சதம் கொடுத்துக் கொண்டுவந்தால் செலவு 30 டொலர். வரவு 10 டொலர் 80 சதம். இத்தனைக்கும் லிங்கை அழுத்தியவர் 24 மணிநேரத்துக்குள் பொருளைக் கூடைக்குள் போட்டிருக்க வேண்டும். கணக்குத் திறந்து 180 நாளில் மூன்று விற்பனை நடக்காவிட்டால் கணக்கே மூடப்படும்.

கொமிஷன் வீதமும் நம் கையில் இல்லை. 2020 ஏப்ரலில், உலகமே வீட்டுக்குள் அடைந்து இணையத்தில் வாங்கிக்கொண்டிருந்த வேளையில், அமேசன் தளபாடங்களுக்கான கொமிஷனை 8 வீதத்திலிருந்து 3ஆக்கியது, மளிகைக்கு 5இலிருந்து 1. ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். ரீலோட் கடைக்காரருக்கு இது புதிய கதையாக இருக்காது. வீதத்தைக் கொம்பனி தீர்மானிக்கும், வாடிக்கையாளர் தானே செயலியில் ரீலோட் போடக் கற்றுக்கொண்டதும் கடைக்காரர் நடுவிலிருந்து கழன்றுவிடுவார். ஆனாலும் அந்தக் கடைக்காரருக்கு எதிரே முகம் தெரிந்த மனிதர் நிற்கிறார். லிங்க் போடுபவருக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் ஆள் வைத்துச் செய்விக்கும் யோசனை எங்கிருந்து வந்தது? மேலைநாட்டிலிருந்து. அங்கே தளம் நடத்துபவர் மணிக்கு 20, 30 டொலர் கொடுக்க வேண்டிய வேலையை பைவர், அப்வேர்க் போன்ற இணைய வேலைத் தளங்களில் நாலைந்து டொலருக்குக் கொழும்பிலோ டாக்காவிலோ செய்வித்தார். அந்த இடைவெளிதான் அவருடைய இலாபம். நுகேகொடையின் இளைஞர் பலர் இந்தச் சங்கிலிக்குள் முதலில் வந்தது முதலாளியாக அல்ல, அந்த நாலு டொலர் ஆளாக. தான் ஒருநாளும் தொட்டுப் பார்க்காத நாய் உணவைப் பற்றியும் புல்வெட்டியைப் பற்றியும் ‘சிறந்த பத்து’ பட்டியல் எழுதியவர்கள் இங்கே உண்டு. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்தபோது முதலில் ஆட்டங்கண்டது அந்த எழுத்துவேலைதான். இப்போது அதே சூத்திரத்தைக் கைக்கொண்டு, ஹட்டனிலோ மட்டக்களப்பிலோ இன்னும் குறைந்த கூலிக்கு ஆள் தேடச் சொல்கிறார்கள் வகுப்பு நடத்துபவர்கள். கூலி இடைவெளி நாட்டுக்கு நாடு இருந்ததுபோல ஊருக்கு ஊர் இல்லை. அந்த இலாபம் இங்கே பிறக்காது.

வேலை கைமாறக் கைமாற என்ன நடக்கும் என்பதற்கு ஊபரின் கதையைப் பார்க்கலாம். தன் செயலியைத் தரவிறக்கச் செய்யும் விளம்பரப் பணியை ஊபர் பெட்ச் என்ற முகவர் நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. முகவர் அதை விளம்பர வலையமைப்புகளிடம் கொடுத்தார், அவை இன்னும் கீழே யார் யாரிடமோ கொடுத்தன. தரவிறக்கம் ஒவ்வொன்றுக்கும் கொமிஷன். 2017 செப்டெம்பரில் ஊபர் நீதிமன்றம் போனது. அதன் முறைப்பாட்டின் சாரம்: எப்படியும் தானாக வந்திருக்கக்கூடிய பயணிகளின் பின்னால் பொய்யான ‘கிளிக்’ ஒன்றைச் செருகிவிட்டு, நாங்களே கொண்டுவந்தோம் என்று காசு வாங்கினார்கள். இரத்தினக்கல் கடை வாசலில் கண்ணைக் காட்டிய அதே தந்திரம். சுமார் 15 கோடி டொலர் விளம்பரச் செலவில் 10 கோடியை நிறுத்திய பிறகும் புதிதாகச் சேர்ந்தோரின் எண்ணிக்கையில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை என்று ஊபரில் அந்த விளம்பரப் பொறுப்பில் இருந்த கெவின் பிரிஷ் பின்னாளில் சொன்னார். ஊபருக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். போர்டிங் அறையிலிருந்து ‘ஆயிரம் கிளிக் இத்தனை டொலர்’ என்று வாங்கும் மாணவருக்கு யார் இருக்கிறார்கள்? பொய்க் கிளிக் என்று கண்டால் தளம் மூடுவது அவருடைய கணக்கைத்தான். கிளிக் விற்றவன் இன்னொரு பெயரில் இன்னொருவருக்கு விற்றுக்கொண்டிருப்பான்.

பொய் மதிப்புரையும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது. பாவிக்காத பொருளுக்குப் பாவித்தவர்போல எழுதிக் கொடுக்கும் கூலிவேலை நீண்ட காலம் தடையின்றி நடந்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் விதி 2024 அக்டோபர் 21 முதல் அதை நேரடியாகத் தடைசெய்கிறது. இந்தியாவில் 2021 முதல் விளம்பரத் தரநிலைக் கழகம், காசு வாங்கிச் சொல்லும் பதிவில் அதை வெளிப்படையாகக் குறிக்கச் சொல்கிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம், 30ஆம் பிரிவில், ஏமாற்றும் வர்த்தக நடத்தையைத் தடுக்கிறது. டிக்டொக்குக்கு முந்தைய சட்டம் என்றாலும் வாசகம் விரிவானது. கொமிஷன் வாங்குவதைச் சொல்லாமல் மறைக்கும் லிங்கின்மீது அதைப் பாவிக்க அதிகாரசபைக்கு மனம் இருந்தால் போதும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். 2024 ஜூனில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் மாதிவெல, பத்தரமுல்லை, நீர்கொழும்பு ஆகிய இடங்களில் ஒரே நேரத்தில் சோதனையிட்டு இணைய நிதிமோசடி தொடர்பில் குறைந்தது 60 இந்தியர்களைக் கைதுசெய்தது. மாதிவெல நுகேகொடையிலிருந்து முச்சக்கரவண்டித் தூரம். சமூக ஊடகத்தில் சிறு வேலை செய்தால் காசு என்று வட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது, முதலில் கொஞ்சம் கொடுப்பது, பிறகு வைப்புப் போடச் சொல்வது என்பது அதன் முறை. ஒன்மேக்ஸ்டிடி, ஸ்போர்ட் செயின் போன்றவற்றை மத்திய வங்கி, வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்கீழ் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களாக அறிவித்ததும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வெள்ளவத்தையில் ஒரு அம்மாவுக்கு, மகன் செய்வது லிங்க் தொழிலா இந்தத் தொழிலா என்று பிரித்தறிய வழியில்லை. ஒரு கேள்வி கேட்கலாம்: உள்ளே வருவதற்குக் காசு கட்டச் சொல்கிறார்களா? உண்மையான கொமிஷன் திட்டத்தில் சேர ஒரு சதமும் தேவையில்லை, ஆள் சேர்த்ததற்கும் பங்கு வராது, பொருள் விற்றால்தான் வரும்.

இவ்வளவும் சொன்னபிறகு, தொழில் வேண்டாம் என்றா முடிப்பது? இல்லை. 2011இல் பிரையன் லாம் ஹவாயில் இருந்துகொண்டு வயர்கட்டர் என்ற தளத்தைத் தொடங்கினார். பொருட்களை வாங்கிப் பாவித்து, எது நல்லது என்று ஒன்றைச் சொல்லி லிங்க் போடுவதுதான் வேலை. 2016இல் நியூயோர்க் டைம்ஸ் அதை 3 கோடி டொலருக்கு வாங்கியது. அவரும் ஆள் வைத்துத்தான் செய்தார். அவர் ஆள் வைத்தது பரிசோதிப்பதற்கு.

இங்கேதான் கொழும்புத் தமிழருக்கு, வேறு யாருக்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. கனடாவின் ஸ்காபரோவில் குடியேறிய ஒரு குடும்பத்தை நினையுங்கள். அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. வெள்ளவத்தையில் வாங்கிய மிக்சியைப் பெட்டியில் கொண்டுபோனால் அது அங்கே சரிவர ஓடாது. அந்த மின்னழுத்தத்துக்கேற்ற இந்திய மிக்சிகள் அமேசனில் கிடைக்கின்றன. ஆனால் எந்தச் சாடி தேங்காய்ச் சம்பலைக் கூழாக்காமல் அரைக்கும், உளுந்து எத்தனை நிமிடத்தில் சூடேறும், அப்பார்ட்மெண்டில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத அளவுக்குச் சத்தம் குறைந்தது எது என்று தமிழில் சொல்ல யார் இருக்கிறார்கள்? ஆங்கில மதிப்புரைகள் ஸ்மூதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். அரிசிமாப் புட்டுக்கு எந்தப் பானை, குளிர்காலத்தில் மா புளிக்க என்ன சாதனம், அம்மம்மாவின் முழங்காலுக்கு எந்தப் பட்டி என்று கேள்விகள் வட்ஸ்அப்பில் கண்டங்கள் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கின்றன. கேட்பவர்களின் பணம் டொலரிலும் பவுணிலும் இருக்கிறது.

நுகேகொடைக்காரர் செய்ய வேண்டிய அவுட்சோர்சிங் இதற்கு நேர்மாறானது. ஹட்டனில் மலிவாக எழுதுவிக்கத் தேவையில்லை. ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவிடம் மிக்சியை வாங்கிக் கொடுத்து, உளுந்து அரைக்கச் சொல்லி, நல்லதும் கெட்டதும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, அதற்கு உரிய காசைக் கொடுக்க வேண்டும். காணொளியை வெட்டி ஒட்டுவதை, எழுத்துப் போடுவதை, லிங்க் செத்துவிட்டதா என்று வாராவாரம் பார்ப்பதை யாரிடமும் கொடுக்கலாம். அந்த உளுந்தைக் கொடுக்க முடியாது. தமிழுக்குச் சந்தை இல்லை என்ற சாட்டும் பழசாகிவிட்டது: கூகுள் 2018 பெப்ரவரியில் அட்சென்ஸ் விளம்பரத்துக்குத் தமிழைச் சேர்த்தது, பிளிப்கார்ட்டும் இந்திய அமேசனும் 2020இல் தமிழில் பேசத் தொடங்கின. இது மெதுவான தொழில், முதல் வருடம் பஸ் காசுகூடத் தேறாமல் போகலாம். அமெரிக்கத் தளத்தின் வீதப்படி நூறு டொலர் மிக்சி ஒன்று விற்றாலும் நாலரை டொலர்தான். ஆனால் விளம்பரத்துக்குக் கொடுக்கும் அந்த 30 டொலர் இங்கே இல்லை, சொல்பவரை நம்பி வருகிறார்கள்.

காசு வந்துசேரும் வழி இன்னும் கரடுமுரடுதான். பேபாலில் இலங்கையர் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. பலரும் பேயோனியர் வழியாகத்தான் எடுத்துவந்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டவருக்குச் செய்யும் சேவைக்காக வங்கி வழியே வரும் வருமானத்துக்கு இருந்த வரிவிலக்கு போய்விட்டது. உச்ச வரி நூற்றுக்கு 15. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் நிவாரணம் இருப்பதால் தொடக்கக்காரர் பயப்படத் தேவையில்லை, ஆனால் கோப்புத் திறந்து கணக்கு வைக்க வேண்டும். இறைவரித் திணைக்களம் இதைத் தமிழில், லிங்க் போடும் இருபது வயதுக்காரருக்குப் புரியும்படி இரண்டு பக்கத்தில் எழுதித் தந்தால் புண்ணியம்.

வகுப்புக்குப் பணம் கட்டும் யோசனையில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். கட்டுவதற்கு முன் ஆசிரியரிடம் அவருடைய கடைசி மூன்று மாதக் கொமிஷன் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். வகுப்புக் கட்டணத்தில் வந்த வருமானம் அதில் சேரக்கூடாது.