சமூகக் கல்லூரியிலிருந்து பட்டம் வரை: ஒரு நிதானமான கணக்கு

எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "வேலைக்குப் போய்க்கொண்டே இணையத்தில் படித்துப் பட்டம் வாங்கிவிடலாமாமே, செலவும் குறைவாமே?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டியும் பட்டம் இல்லாததால் பதவி உயர்வு தள்ளிப்போகிறவர்களும் இதையே கேட்கிறார்கள்.

வாங்கலாம். செலவையும் குறைக்கலாம். ஆனால் சமூகக் கல்லூரி, திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இணைய வகுப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், சேமிக்க நினைத்த பணமே வீணாகிவிடும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சமூகக் கல்லூரி. அமெரிக்காவில் இந்தப் பெயருக்கு ஒரு பொருள் உண்டு. பட்டப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை வீட்டுக்கு அருகிலுள்ள குறைந்த கட்டணக் கல்லூரியில் முடித்து, அந்தக் கிரெடிட்டுகளோடு பல்கலைக்கழகத்துக்கு மாறி, மீதி இரண்டு ஆண்டுகளை அங்கே படிப்பார்கள். அந்த முதல் பாதியை இணையத்திலேயே முடிக்கும் வசதியும் அங்கே பரவலாக உண்டு. கிரெடிட்டைச் சுமந்துகொண்டு மாறும் இந்த முறை நமக்கும் பழக்கமானதுதான். சன்வே கல்லூரி 1987-இலேயே அமெரிக்காவின் மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

நம் நாட்டு 'கோலேஜ் கொமுனித்தி' வேறு நோக்கத்தோடு பிறந்தது. 2001-இல் இயங்கத் தொடங்கிய இந்தக் கல்லூரிகள் கைத்தொழில் திறன் தருவதற்கானவை. செலாயாங், உலு லங்காட் முதலிய இடங்களில் உள்ளவை கிள்ளான் பள்ளத்தாக்குக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சான்றிதழ் படிப்புகளும் சில துறைகளில் டிப்ளோமாவும் கிடைக்கும், பட்டம் கிடைக்காது. ஆனால் கல்விக் கட்டணம் பருவத்துக்கு 200 வெள்ளி அளவில்தான். அங்கே சான்றிதழ் பெற்றவர், ஷா ஆலமில் உள்ள சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா பாலிடெக்னிக் போன்ற இடங்களில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதன் பிறகுதான் பட்டம். மூன்று படிகளில் முதல் இரண்டை அரசாங்கமே மலிவாக்கி வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் இதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முதல் படியிலேயே கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

மூன்றாவது படியில் வருகிறது தொலைக்கல்வி. வகுப்புக்குப் போகாமல் வாங்கும் பட்டம் என்றால் மட்டம் என்னும் எண்ணம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஆனால் 1858 முதலே லண்டன் பல்கலைக்கழகம், தன் வளாகத்தில் காலடி வைக்காதவர்களுக்கும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி திறந்து வைத்தது. அந்த வழியில் இங்கிருந்தபடியே லண்டன் சட்டப் பட்டம் பெற்று வழக்கறிஞரானவர்கள் நம் நாட்டில் ஏராளம். 1991-இல் தொடங்கிய பிரிக்பீல்ட்ஸ் ஏசியா கல்லூரி பெயர் பெற்றதே அந்தப் பட்டத்துக்கு மாணவர்களைத் தயார் செய்ததால்தான். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-இல் தொலைக்கல்வியைத் தொடங்கியது. 2000-இல் பொதுப் பல்கலைக்கழகங்கள் கூட்டாகச் சேர்ந்து மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை அமைத்தன. அடுத்து வந்தது பினாங்கின் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அதன் முதல் துணைவேந்தர் டான் ஸ்ரீ கஜராஜ் தனராஜன், அதற்கு முன் காமன்வெல்த் நாடுகளின் தொலைக்கல்விக்கான 'காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்' அமைப்புக்குத் தலைவராக இருந்தவர். இந்தத் துறையை உலக அளவில் வழிநடத்தியவர்களில் நம் மலேசிய இந்தியர் ஒருவரும் உண்டு. இதை இரண்டாந்தரக் கல்வி என்று ஒதுக்குகிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, செலவு எங்கே குறைகிறது? பாடத்தைத் திரையில் பார்ப்பதால் மட்டும் பெரிதாக எதுவும் மிச்சமாவதில்லை. பெரிய மிச்சம், வேலையை விடாமல் இருப்பதில்தான். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. முழுநேரம் படிக்கும் ஒருவர் மூன்று ஆண்டுகளில் அந்தக் குறைந்தபட்சச் சம்பளத்தையே இழக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், தொகை 61,200 வெள்ளி. பல படிப்புகளின் கட்டணத்தைவிட இது பெரிது. அறை வாடகையும் போக்குவரத்தும் தனி. வேலையில் இருந்தபடி படிக்கிறவருக்கு இந்தச் செலவு இல்லை.

ஆனால் அந்த மிச்சத்துக்கு விலையாக நேரத்தைக் கொடுக்க வேண்டும். இதை விளம்பரங்கள் சொல்வதில்லை. கணக்கோ மிக எளியது. மலேசியத் தகுதி முகமையின் விதிப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, ஒப்படைப்பு, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். அதாவது 4,800 மணி நேரம். ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் வாரத்துக்குப் பதினெட்டரை மணி நேரம். கிள்ளானிலிருந்து கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல் வந்து வேலை பார்த்துத் திரும்புகிறவர் வார நாளில் இரவு இரண்டு மணி நேரம், சனி ஞாயிறில் தலா நான்கு மணி நேரம் என்று ஒதுக்கினால்தான் அந்தக் கணக்குச் சரிவரும். கல்யாணம், திருவிழா, ஓவர்டைம் எல்லாவற்றையும் தாண்டி ஐந்து ஆண்டுகள் அது நடக்க வேண்டும்.

இந்தச் சுமையைக் குறைக்கும் வழி கிரெடிட் மாற்றம். டிப்ளோமா முடித்தவர் அதே துறையில் பட்டம் படித்தால், ஏற்கெனவே படித்த பாடங்களுக்கு விலக்குக் கேட்கலாம். பாட உள்ளடக்கம் 80 விழுக்காடாவது ஒத்துப்போக வேண்டும். அந்தப் பாடத்தில் குறைந்தது 'சி' தேர்ச்சி இருக்க வேண்டும். டிப்ளோமாவிலிருந்து மாற்றக்கூடியதற்கு மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு என்பது பொதுவான வரம்பு. 120-இல் 36 கிரெடிட் கழிந்தால் மீதி 84; அதே ஐந்து ஆண்டுகளில் வாரத்துக்குப் பதின்மூன்று மணி நேரம் போதும். கட்டணத்தையும் கிரெடிட் கணக்கில் வாங்கும் இடமானால் பணமும் அதே விகிதத்தில் குறையும். கணக்கியல் டிப்ளோமாவை வைத்துக்கொண்டு உளவியல் பட்டத்தில் சேர்ந்தால் இந்த விலக்கு பெரும்பாலும் கிடைக்காது. ஆக, டிப்ளோமாவைத் தேர்ந்தெடுக்கும்போதே பட்டத்தையும் யோசித்துவிட வேண்டும்.

டிப்ளோமாவே இல்லாதவர் என்ன செய்வது? அவருக்காகத்தான் 'ஏப்பெல்' என்னும் வழி இருக்கிறது. வேலையில் கற்றதைக் கல்வித் தகுதியாக மதிப்பிடும் முறை அது. 21 வயது நிரம்பிய, துறைசார்ந்த அனுபவம் உள்ள ஒருவர், தகுதித் தேர்வு எழுதி, தம் பணி அனுபவத்துக்கான ஆவணத் தொகுப்பையும் கொடுத்துத் தேறினால், எஸ்.டி.பி.எம். இல்லாமலேயே, இதை ஏற்கும் கல்வி நிலையங்களில் இளங்கலைக்கு விண்ணப்பிக்கலாம். கிள்ளான் துறைமுகத்துக் கிடங்கில் பத்து ஆண்டுகள் சரக்குக் கணக்குப் பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். நியமனக் கடிதங்கள், பயிற்சிச் சான்றுகள், தாம் தயாரித்த இருப்பு அறிக்கைகள், மேலதிகாரியின் கடிதம் ஆகியவைதாம் அவருடைய ஆவணத் தொகுப்பு. அவர் தளவாட நிர்வாகம் படிக்கச் சேர்ந்தபின், அதே அனுபவத்தைக் காட்டிச் சில பாடங்களுக்குக் கிரெடிட்டும் கோரலாம். அதற்கும் 30 விழுக்காடு வரம்பு உண்டு. பழைய கடிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு இன்றே சொல்லி வைப்பது நல்லது.

பணம் கட்டுவதற்கு முன் செய்தே தீர வேண்டிய வேலை ஒன்று உண்டு. தகுதி முகமை நடத்தும் மலேசியத் தகுதிப் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கல்லூரியின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே கொடுக்கப்படுகிறது. படிப்பின் முழுப் பெயர், கிரெடிட் எண்ணிக்கை, தகுதி நிலை, படிப்பு முறை ஆகியவற்றைப் பாருங்கள். டிப்ளோமா என்றால் நிலை 4, இளங்கலை என்றால் நிலை 6. முறை என்ற இடத்தில் திறந்தநிலைத் தொலைக்கல்வி என்று இருக்க வேண்டும். குறியீட்டில் 'எஃப்.ஏ.' என்றால் முழு அங்கீகாரம், 'பி.ஏ.' என்றால் தற்காலிக அங்கீகாரம். புதிய படிப்புகள் தற்காலிக நிலையில் தொடங்குவது இயல்புதான். ஆனாலும் அரசு வேலையை நினைத்துப் படிக்கிறவர் முழு அங்கீகாரம் பெற்ற படிப்பைத் தேடுவதே பத்திரம். முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்பாமல், பதிவேட்டை நீங்களே திறந்து பாருங்கள். கால் மணி நேர வேலை.

சில துறைகளில் இந்தப் பதிவேடு மட்டும் போதாது. சட்டத்துக்கு வழக்கறிஞர் தகுதி வாரியம், பொறியியலுக்குப் பொறியாளர் வாரியம் என்று தொழிலுக்குத் தனித் தனி விதிகள் உண்டு. அந்த வாரியம் ஏற்குமா என்பதை முதலில் கேளுங்கள். கல்லூரியைப் பிறகு பார்க்கலாம். மருத்துவமும் தாதியர் பயிற்சியும் வீட்டிலிருந்தபடி தொடங்கக்கூடியவை அல்ல. வணிக நிர்வாகம், கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், மனிதவளம், ஆசிரியர் கல்வி போன்றவை தொலைக்கல்வியில் நன்றாக அமைபவை.

பணத்துக்கு வருவோம். பி.டி.பி.டி.என். கடன் தொலைக்கல்விக்கும் உண்டு; நீங்கள் சேரும் படிப்பு அதில் அடங்குமா என்பதைச் சேரும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஊழியர் சேமநிதியிலிருந்தும் தமக்கோ பிள்ளைகளுக்கோ கல்விக்காக எடுக்கலாம். 2024 மே மாதத்தில் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, அது 'செஜாத்திரா' கணக்கிலிருந்து வருகிறது. வயதான காலத்துக்கான பணம் அது. எனவே பருவத்துக்குத் தேவையானதை மட்டும் எடுப்பதே விவேகம். வருமான வரி கட்டுகிறவருக்குச் சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு. இளங்கலை அளவில் அது சட்டம், கணக்கியல், தொழில்நுட்பம், அறிவியல் போன்ற குறிப்பிட்ட துறைகளுக்குத்தான்.

இந்த வழி எல்லாருக்கும் ஏற்றதா? இல்லை. பதினெட்டு வயதில் நல்ல தேர்ச்சியோடு நிற்கும் பிள்ளைக்கு ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக் என்று இன்னும் மலிவான, வகுப்பறையோடு கூடிய வழிகள் இருக்கின்றன. அந்த வயதில் தனியே திரைமுன் உட்கார்ந்து படிப்பது கடினம். "படித்துக்கொண்டே சம்பாதிக்கட்டும்" என்று அவர்களை அவசரப்படுத்துவது சரியல்ல. வேலையிலும் குடும்பப் பொறுப்பிலும் ஏற்கெனவே இருப்பவருக்குத்தான் தொலைக்கல்வி உண்மையில் கைகொடுக்கிறது.

அப்படிப்பட்டவருக்கு மிக விலையுயர்ந்த பட்டம் எது தெரியுமா? பாதியில் நின்ற பட்டம்தான். கட்டிய பணம் திரும்பாது, கடன் நிற்கும், கையில் தாள் இருக்காது. நம் சமூகத்தின் உதவி அமைப்புகளுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் இங்கே நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். மேடையில் மாலையிட்டு முதல் பருவக் கட்டணத்தைக் கொடுப்பதோடு நிற்காதீர்கள். இரண்டாம் ஆண்டில் சோர்ந்து நிற்கிறவரைத் தேடிப் பிடித்து அந்த ஆண்டுக் கட்டணத்தைக் கொடுங்கள். வாரத்தில் மூன்று இரவுகள் ஒரு மண்டபத்தைத் திறந்து, விளக்கும் இணையமும் தந்து, முன்பே பட்டம் முடித்த ஒருவரைத் துணைக்கு அமர்த்துங்கள். வீட்டில் இடமும் அமைதியும் இல்லாத ஒருவருக்கு இதைவிடப் பெரிய உபகாரச் சம்பளம் இல்லை.

சேர நினைப்பவர்களுக்குச் சொல்வதும் இதே போன்றதுதான். முதல் பருவத்தில் இரண்டு பாடங்கள் மட்டும் எடுங்கள். பதினைந்து வாரங்கள் அந்த நேரத்தை உங்களால் ஒதுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தொடருங்கள், முடியவில்லை என்றால் விதிப்படி ஒத்திவையுங்கள், பேசாமல் நின்றுவிடாதீர்கள். ஐந்து ஆண்டு ஆறானாலும் குற்றமில்லை. முடித்தவருக்குத்தான் இந்த வழி மலிவு.