பல்லாவரம்: பெயரை இழந்த ஊர்

வட பிரான்சில், அமியேன் நகரின் ஓரத்தில் சேந்த் அச்சூல் என்றோர் இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அதன் சரளைக் குழிகளில் கைக்கோடரிகள் கிடைத்தன. 1872இல் கப்ரியேல் தெ மோர்த்தியே என்னும் அறிஞர் அவ்விடத்தின் பெயரையே ஒரு தொல்பழங்காலப் பண்பாட்டுக்குச் சூட்டினார். இன்று ஆப்பிரிக்காவில் கிடைக்கும் கைக்கோடரியும் 'அச்சூலியன்' என்றே அழைக்கப்படுகிறது.

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியப் பழைய கற்கால ஆய்வு அங்கேதான் தொடங்கிற்று. ஆயினும் பிற்கால அறிஞர் இட்ட பெயர் 'மதராஸ் கைக்கோடரி மரபு'. ஊரில் கிடைத்ததை நகரம் தன் பெயரில் பட்டா போட்டுக்கொண்டது.

இது பழங்கதை என்போருக்கு நம் மறுமொழி: கதை இன்னும் முடியவில்லை. ஃபூட்டின் சேகரிப்பு 1904இல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. 2021இல் பல்லாவரம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கியது. ஊருக்கு எஞ்சியது ஒன்றே: தடை. பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம். தடை தேவையற்றது என்று நாம் வாதிடவில்லை. ஆனால் மாடி எழுப்ப வழியற்ற ஒருவரிடம் 'இது உங்கள் மரபு' என்றால், அச்சொல் அவர் காதில் வசையாகவே விழும். காக்கும் சுமை ஊருக்கு, காட்டும் பெருமை நகரத்துக்கு என்பது எவ்வகை நீதி?

மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் பொறித்த பல்லாவரத்துக் குடைவரை இன்று தர்காவாக விளங்குகிறது. இதைச் சிதைவு என்று முகம் சுளிப்போர் உண்டு. நாம் தொடர்ச்சி என்போம். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மக்கள் நாடிவரும் இடம் செத்த சின்னமன்று.

மேடைதோறும் தமிழரின் தொன்மை முழங்கும் நண்பர்களே, பள்ளிப் பாடத்தில் பல்லாவரம் ஒரு மதிப்பெண் விடையாக நின்றுவிட்டதே, அது உங்களை உறுத்தவில்லையா? கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கும் நம்மைப் போன்றோர் கேட்பது பெரிதன்று. பல்லாவரத்திலேயே ஒரு சிறு அருங்காட்சியகம் வேண்டும். எழும்பூரிலிருந்து சில கற்களேனும் அங்கே திரும்ப வேண்டும். தடையின் காரணத்தை அத்தெரு மக்களுக்குத் தமிழில் விளக்க ஓர் ஆள் வேண்டும்.

சேந்த் அச்சூலில் அந்தச் சரளைக் குழி இன்று தொல்லியல் தோட்டம். பல்லாவரத்துக்கு ஓர் அறை கேட்பது பேராசையா?