ரேஸ் பெல்ட் மாட்டினால் நம் கார் ரேஸ் கார் ஆகிவிடுமா?

2025 ஜனவரி 7. துபாயில் 24 மணி நேர கார் பந்தயத்துக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நடிகர் அஜித்குமார் ஓட்டிய கார் தடுப்பில் மோதி, சுழன்று, ஒருவழியாக நின்றது. பார்த்தவர்களுக்கு நெஞ்சு பதறியது. ஆனால் அவர் பெரிய காயம் எதுவும் இல்லாமல் காரிலிருந்து இறங்கினார். அந்த வீடியோ வாராத செல்போனே தமிழ்நாட்டில் இல்லை என்று சொல்லலாம்.

அதைப் பார்த்த பல வீடுகளில் அடுத்து வந்த பேச்சு இதுதான்: "அப்பா, நம்ம கார்லயும் அந்த மாதிரி ரேஸ் பெல்ட் மாட்டிக்கலாமா? சாதா பெல்ட்டைவிட ஸ்ட்ராங்கா இருக்கும்ல?"

மகன் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தேனியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மலைதான். போடியிலிருந்து மூணாறு போக வேண்டுமென்றால் போடி மெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். கம்பம், கூடலூர் தாண்டினால் குமுளி மலைப்பாதை. சின்னமனூரிலிருந்து திரும்பினால் மேகமலை. இப்படிப்பட்ட ஊரில் நல்ல பெல்ட் வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. எது நல்ல பெல்ட் என்பதுதான் கேள்வி.

பெல்ட் மட்டும் காப்பாற்றவில்லை

பந்தயக் காரில் இருப்பது 'ஹார்னஸ்'. இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே இரண்டு என ஆறு பட்டைகள் வந்து ஒரே பூட்டில் சேரும். உடலை சீட்டோடு சேர்த்துக் கட்டிவிடும்.

ஆனால் அது தனியாக வேலை செய்வதில்லை. உடலைச் சுற்றிப் பிடிக்கும் பக்கெட் சீட் உண்டு. கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் காக்க 'ரோல் கேஜ்' எனும் இரும்புக் கூண்டு உண்டு. தலையில் ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டைத் தோளோடு பிணைத்து, கழுத்து முன்னால் வீசப்படாமல் தடுக்க 'ஹான்ஸ்' என்ற சாதனம். இத்தனையும் சேர்ந்துதான் ஓட்டுநரைக் காப்பாற்றுகின்றன. இதில் பெல்ட்டை மட்டும் கழற்றி வந்து நம் வீட்டுக் காரில் மாட்டினால், ஒன்று கிடைக்கும், மற்றதெல்லாம் கிடைக்காது.

என்ன ஆகும்?

முதலில் கழுத்து. சாதாரண சீட் பெல்ட், மோதலின்போது மேலுடம்பைக் கொஞ்சம் முன்னால் போகவிட்டுப் பிடிக்கும். தலையும் கூடவே போய் ஏர்பேக்கில் அமரும். பெல்ட்டும் ஏர்பேக்கும் இப்படிச் சேர்ந்து இயங்கும்படிதான் கார் கம்பெனி வடிவமைத்துச் சோதித்திருக்கிறது. ஹார்னஸோ தோளை அசையவிடாது. தோள் நின்றுவிட, தலை மட்டும் முன்னால் பாயும். ஹெல்மெட்டும் ஹான்ஸும் இல்லாத நிலையில் அந்த இழுப்பு முழுவதையும் கழுத்து தாங்க வேண்டும்.

இரண்டாவது வயிறு. கடைகளில் விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் நான்கு பட்டை ஹார்னஸ். அதில் கால்களுக்கு நடுவே வரும் பட்டை கிடையாது. மோதலில் தோள் பட்டைகள் இழுபடும்போது நடுப்பூட்டு மேலே ஏறும். இடுப்புப் பட்டையும் இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு நழுவும். உடல் அதனடியில் வழுக்கிக்கொண்டு போகும். எலும்பு தாங்க வேண்டிய அடியைக் குடலும் கல்லீரலும் தாங்க நேரிடும்.

மூன்றாவது முதுகெலும்பு. தோள் பட்டைகள் தோளிலிருந்து கிட்டத்தட்ட கிடைமட்டமாகப் பின்னால் போக வேண்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி அவை 45 டிகிரிக்கு மேல் கீழ்நோக்கிச் சரியக் கூடாது. 10 டிகிரிக்குள் இருப்பதே நல்லது என்றும் அது சொல்கிறது. வீட்டுக் காரில் அந்த உயரத்தில் போல்ட் போட இடம் ஏது? பின் சீட் பெல்ட்டின் போல்ட்டிலோ தரையிலோ கட்டுவார்கள். அப்போது பட்டை செங்குத்தாகக் கீழே இழுக்கும். மோதலின் விசை, மூட்டையை அழுத்துவதுபோல முதுகெலும்பை மேலிருந்து அழுத்தும்.

இதற்காகவே ரோல் கேஜும் போட்டுவிடலாமே என்று தோன்றலாம். அது இன்னும் ஆபத்து. ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது, சின்ன மோதலைக்கூடத் தலைக்காயமாக மாற்றிவிடும்.

மலைப்பாதையில் இன்னொரு சிக்கல்

கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது ஓட்டுநர் என்ன செய்வார்? முன்னால் சாய்ந்து, தலையைத் திருப்பி, மேலிருந்து பஸ் வருகிறதா என்று பார்ப்பார். சாதாரண பெல்ட் மெதுவாக இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். அதனால் எட்டிப் பார்க்க முடிகிறது. ஹார்னஸை இறுக்கிக் கட்டினால் எட்ட முடியாது. எட்டுவதற்காகத் தளர்த்தினால் அது பெல்ட்டே இல்லை.

விபத்து நடந்தால் முதலில் ஓடி வருபவர்கள் தோட்டத் தொழிலாளர்களும் வழிப்போக்கர்களும்தான். சிவப்பு பட்டனை அழுத்தினால் சீட் பெல்ட் கழலும் என்பது அவர்களுக்குத் தெரியும். பந்தயப் பூட்டைத் திருகித் திறக்க வேண்டும் என்பது அந்தப் பதற்றத்தில் யாருக்குத் தோன்றும்?

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதி 138(3), காரில் கம்பெனி கொடுத்த சீட் பெல்ட்டை ஓட்டுநரும், முன் சீட்டில் இருப்பவரும், முன்னோக்கிய பின் சீட்டில் இருப்பவர்களும் அணிய வேண்டும் என்கிறது. அணியாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1000 ரூபாய் அபராதம். 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டாலும் அதே 1000 ரூபாய்.

ஹார்னஸுக்காக அந்த பெல்ட்டைக் கழற்றினால் இந்த விதி மீறப்படுகிறது. பின் சீட்டை எடுத்துவிட்டுக் குறுக்குக் கம்பி போட்டால், ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையும் காரும் பொருந்தாமல் போகும். அது 52-வது பிரிவுக்கு எதிரானது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அது கேரளத்திலிருந்து போன வழக்கு.

குமுளியோ போடி மெட்டோ தாண்டினால் கேரளம். அங்கே 2023 ஜூன் முதல் 726 செயற்கை நுண்ணறிவு கேமராக்கள் கண்காணிக்கின்றன. சீட் பெல்ட் போடாதவர்களையும் அவை படம் பிடிக்கும். இது தவிர, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டுக்குத் தகராறு செய்யவும் வாய்ப்புண்டு.

ஜெர்மனியில் சாலைக் கார்களுக்கென்றே ஒப்புதல் பெற்ற நான்கு முனை ஹார்னஸ்கள் உண்டு. ஒரு தோள் பட்டையில் மட்டும் கொஞ்சம் நீண்டு கொடுக்கும் மடிப்பு வைத்து, உடல் வழுக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதுவும் குறிப்பிட்ட கார் மாடலுக்கும் சீட்டுக்கும் மட்டுமே செல்லும். ஆன்லைனில் வாங்கி ஏதோ ஒரு காரில் மாட்டுவதற்கு அதை உதாரணமாகக் காட்ட முடியாது.

ஆசை இருந்தால்?

ஆசையை அடக்க வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர்தான். கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே பந்தயத்துக்கென்றே தயாரான காரில், ஹெல்மெட், ஹான்ஸ், ஹார்னஸ் எல்லாவற்றோடும், சொல்லித் தருபவர் மேற்பார்வையில் ஓட்டலாம். சொந்தமாக ஹார்னஸ் வாங்கும் நிலை வந்தால், எஃப்.ஐ.ஏ. முத்திரையையும் அதில் உள்ள காலாவதி தேதியையும் பார்த்து வாங்க வேண்டும். நைலான் பட்டையில் முத்திரை மட்டும் தைத்த போலிகள் நிறைய உண்டு.

வீட்டுக் காரில் இன்று செய்ய வேண்டியது

தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மும்பை அருகே பால்கர் பகுதியில் நடந்த விபத்தில் இறந்தார். பாதுகாப்புக்குப் பெயர்போன விலையுயர்ந்த கார் அது. பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், ஆண்டிபட்டிப் பகுதி ஐயப்ப பக்தர்கள் சபரிமலையிலிருந்து திரும்பிய வாகனம் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் உயிரிழந்ததை இந்தப் பள்ளத்தாக்கு இன்னும் மறக்கவில்லை. மலையில் கவனமும், இருக்கிற பெல்ட்டைப் போடும் பழக்கமும் புதிதாக எதை வாங்குவதையும்விட முக்கியம்.

50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, 10 மீட்டர் உயரத் தென்னை மரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதைத் தாங்கவே 1959-ல் வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று முனை பெல்ட்டை உருவாக்கினார். மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது.

அந்த பெல்ட் நம் காரில் ஒழுங்காக இருக்கிறதா?

• ரெக்சின் சீட் கவர் போட்டபோது பின் சீட் பூட்டுகள் உள்ளே புதைந்திருக்கும். இன்றே வெளியே எடுங்கள்.

• பட்டையை முழுவதும் இழுத்துப் பாருங்கள். பிரிந்த நூல், வெட்டு, முறுக்கு இருந்தால் மாற்றுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும்.

• இடுப்புப் பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. தோள் பட்டை கழுத்தில் உரசாமல் தோளின் நடுவே வர வேண்டும்.

• அலாரம் கத்தாமல் இருக்கச் செருகும் போலி கிளிப் இருந்தால் தூக்கிப் போடுங்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் நிறுவனங்களை அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னது.

• பெரிய மோதலுக்குப் பிறகு பெல்ட்டை முழுவதுமாக மாற்றுங்கள். உள்ளே இழுத்துப் பிடிக்கும் ப்ரீடென்ஷனர் ஒருமுறைதான் வேலை செய்யும்.

இந்த ஐந்துக்கும் பத்து நிமிடம் போதும். ரேஸ் பெல்ட் கேட்ட மகனையே அழைத்து இதைச் செய்யச் சொல்லலாம். அடுத்த முறை மலையேறும் முன், பின் சீட்டில் பாட்டி பெல்ட் போட்டாரா என்று பார்க்கும் பொறுப்பும் அவனுக்கே.