எவர்சில்வர் குழாய் வெல்டிங்: சர்டிபிகேட் இருந்தால் மட்டும் வேலை கிடைத்துவிடுமா?

தர்மபுரி—

"டிக் வெல்டிங் கத்துக்கோ! வெளிநாடு போ! ரெண்டே வருஷத்துல வீடு கட்டிடலாம்!"

தர்மபுரி மாவட்டத்து இளைஞர்கள் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது. வானம் பார்த்த பூமி. வேலை தேடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுவது இங்கே பழகிப்போன விஷயம். அதனால் நகையை அடகு வைத்தாவது மகனைப் பயிற்சிக்கு அனுப்பப் பெற்றோர் துணிகிறார்கள்.

அந்தப் பணம் திரும்பி வருமா, வராதா? அதை முடிவு செய்வது சர்டிபிகேட் அல்ல. ஒரு குழாயின் உள்பக்கம்!

கிரில் பட்டறை வேறு; இது வேறு!

ஜன்னல் கிரில், இரும்பு கேட் செய்யும் பட்டறையில் நடப்பது ஆர்க் வெல்டிங். கையில் பிடித்த ராடே உருகி இரும்பை ஒட்டுகிறது. கொஞ்சம் கோணலாகப் போனாலும் பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம்.

டிக் வெல்டிங் அப்படி அல்ல. வலது கையில் டார்ச். அதன் நுனியில் டங்ஸ்டன் ஊசி. 3,400 டிகிரி சூட்டைத் தாண்டினால்தான் அது உருகும். இடது கையில் மெல்லிய ஒட்டுக் கம்பி. டார்ச்சிலிருந்து ஆர்கான் வாயு வந்து, உருகும் இடத்தைக் காற்றுப் படாமல் மூடிக்கொள்கிறது. ஊசி நுனி உருகிய உலோகத்தைத் தொட்டுவிட்டால் போச்சு! நிறுத்தி, ஊசியை மறுபடி தீட்ட வேண்டும்.

தகட்டில் இது ஒரு மாதத்தில் பிடிபடலாம். குழாயில் அப்படி நடக்காது. குழாய் உருண்டை. அடியில் அண்ணாந்து ஒட்ட வேண்டும். பக்கத்தில் ஏற்றி ஒட்ட வேண்டும். மேலே குனிந்து ஒட்ட வேண்டும். ஒரே சுற்றுக்குள் கை மூன்று விதமாக மாறுகிறது. குழாயை 45 டிகிரி சாய்த்து, திருப்ப முடியாதபடி கட்டிவைத்து ஒட்டச் சொல்வதுதான் "6ஜி" சோதனை.

வெளியே பளபளப்பு, உள்ளே கரி!

எவர்சில்வர் துருப்பிடிக்காததற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். பரவலாகப் புழங்கும் 304 ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கிறது. ஒட்டும்போது குழாயின் உள்பக்கம் காற்றுப் பட்டால் இந்தக் குரோமியம் எரிந்து வீணாகிறது. உள்ளே கருகிய வெல்லப்பாகு போலக் கட்டி கட்டியாக நிற்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும்!

பால் பண்ணைக் குழாயில் அப்படி நேர்ந்தால்? கழுவினாலும் அந்தச் சொரசொரப்பில் பால் தங்கும். கிருமி வளரும். பிறகு அதே இடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழும். மாம்பழக் கூழ் ஆலை, மருந்துத் தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. குழாயின் இரண்டு முனையையும் அடைத்து, வாயு போக மட்டும் சின்னத் துளை விட்டு, உள்ளேயும் ஆர்கானை நிரப்ப வேண்டும். "பர்ஜிங்" என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். செலவு அதிகம், நேரம் அதிகம். ஆகவே அரைகுறைப் பயிற்சிகளில் முதலில் வெட்டு விழுவது இதற்குத்தான்!

இரும்பைத் தேய்த்த பிரஷ்ஷை எவர்சில்வரில் போடக்கூடாது என்பதும் முக்கியம். ஒட்டிக்கொண்ட இரும்புத் தூளே பிறகு துருவாகும்.

கம்பெனி என்ன பார்க்கிறது?

"6ஜி சர்டிபிகேட்" ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் உலகமே திறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிஜம் வேறு. வேலைக்கு எடுக்கும் கம்பெனி மறுபடி சோதனை வைக்கும். ஒட்டிய குழாயை எக்ஸ்ரே எடுக்கும், அல்லது துண்டு போட்டு வளைத்துப் பார்க்கும். அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி, வளைத்த இடத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வெடிப்புத் திறந்தால் பெயில்!

பாஸ் ஆனவரும் 6 மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதி. ஆக, சர்டிபிகேட் ஆயுள் முழுக்க வரும் சொத்து அல்ல. கைப்பழக்கம்தான் சொத்து.

உயிருக்கும் ஆபத்து!

டிக் வெல்டிங்கில் புகை குறைவு என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வெல்டிங் புகையும் அதன் புற ஊதாக் கதிரும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-ல் முடிவு செய்தது. ஆர்கானுக்கு வாசனை கிடையாது. காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் தொட்டியிலும் தேங்கும். உள்ளே இறங்குபவர் மூச்சுத் திணறுவதை உணரும் முன்பே மயங்கி விழுவார். சிவப்பு அடையாளம் போட்ட டங்ஸ்டன் ஊசியில் தோரியம் உண்டு. அது கதிரியக்கப் பொருள். தீட்டும்போது பறக்கும் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

பணம் கட்டும் முன்...

அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஓராண்டு. 8-ம் வகுப்பு பாஸ் செய்திருந்தால் போதும். டிக் வெல்டிங்கும் பாடத்திட்டத்தில் உண்டு. மேற்கொண்டு கற்க, திருச்சி பெல் நிறுவனத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

தனியாரிடம் போவதானால் "எத்தனை மாதம்?" என்று கேட்பதில் பயன் இல்லை. "எத்தனை துண்டு எவர்சில்வர் குழாய் தருவீர்கள்? உள்ளே ஆர்கான் விடுவீர்களா? ஒட்டியதை அறுத்து உள்பக்கம் காட்டுவீர்களா?" — இந்த மூன்றையும் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு மத்திய அரசு லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்டால் போலீசில் புகார் கொடுக்கலாம். தமிழக அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது.

இதற்கெல்லாம் கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. 2004 வரை தர்மபுரி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலைகள் இருக்கின்றன. ஓசூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. உள்பக்கமும் பளபளவென்று ஒட்டத் தெரிந்தவனுக்கு அங்கேயே வேலை உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.