சுருக்குப்பையில் ஐந்நூறு ரூபாய்



போன மாதம் ஒரு பத்திர நகல் விஷயமாகச் சிதம்பரம் போயிருந்தேன். நீதிமன்றத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஓர் அம்மா வந்து நின்றார். கிள்ளைப் பக்கத்துக் கிராமம். மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் ரேஷன் கார்டு, ஆதார் நகல், ஓரம் பழுப்பேறிய கல்யாணப் பத்திரிகை. கணவர் விட்டுப்போய் மூன்று வருஷமாம். "ஜீவனாம்ச கேஸ் போடணும் சார். வக்கீலுக்கு எவ்ளோ ஆவும்?" என்று கேட்டார். கேட்கும்போதே கை இடுப்புச் சுருக்குப்பைக்குப் போய்விட்டது. உள்ளே ஐந்நூறு ரூபாய்.

"காசே வேணாம்மா. உள்ளே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கு, அங்க கேளுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. தாசில்தாரிடம் வருமானச் சான்று வாங்கிவந்தால்தான் இலவச வக்கீல் என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காகவே இரண்டு நாள் கூலி போயிருந்தது.

அந்த 'யாரோ' சொன்னது தப்பு. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கும் அப்படித்தான். மற்றவர்களுக்குத்தான் வருமானக் கணக்கு. வக்கீல் மட்டுமல்ல, கோர்ட் கட்டணம், நகல் எடுக்கும் செலவு, மொழிபெயர்ப்புச் செலவு எல்லாமே இந்த உதவிக்குள் அடக்கம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும், அலுவலகத்திலேயே எழுதிக்கொள்வார்கள்.

அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. கடலூர் மாவட்டக்காரர்களுக்காகவே எழுதியதுபோல எனக்குத் தோன்றும். பெருவெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலைப் பேரழிவு போன்றவற்றில் சிக்கியவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினமும் எம்.ஜி.ஆர் திட்டும் பட்டதை நாம் மறக்க முடியுமா? 2011 கடைசியில் தானே புயல், 2015-ல் வெள்ளம், கடலூரை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை வேறு. வீட்டோடு பட்டாவும் பத்திரமும் அடித்துப்போன குடும்பம் நிவாரணம் கேட்டு எந்தக் காகிதத்தை நீட்டும்? அந்த இடத்தில்தான் ஒரு வக்கீல் தேவைப்படுகிறார்.

இந்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1987-ல். நடைமுறைக்கு வந்ததோ 1995 நவம்பர் 9-ல்தான். நடுவில் எட்டு வருஷம். அந்த இடைவெளியில்தான், 1993-ல், விருத்தாசலம் பக்கத்து முதனை ராஜாக்கண்ணுவைத் திருட்டு வழக்கு என்று போலீஸ் கொண்டுபோனது. அவர் உயிரோடு திரும்பவில்லை. மனைவி பார்வதியிடம், தப்பி ஓடிவிட்டான் என்று சொன்னார்கள். கையில் காசில்லாத அந்தப் பெண்ணுக்காக ஆட்கொணர்வு மனு போட்டு உயர் நீதிமன்றத்தில் நின்றவர் வழக்கறிஞர் சந்துரு. ஃபீஸ் வாங்கவில்லை. இந்த வழக்கை வைத்து வந்த 'ஜெய் பீம்' படம் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும். பார்வதிக்கு ஒரு சந்துரு கிடைத்தார். கிடைக்காதவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

"இலவச வக்கீல்னா ஏனோதானோன்னுதான் நடத்துவார்" என்று ஒரு பேச்சு உண்டு. அதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். குழு வழக்கறிஞர்களுக்கு அரசு தரும் தொகை சொற்பம். அக்கறையாக நடத்துகிறவரும் உண்டு, வாய்தா வாங்கியே காலம் கடத்துகிறவரும் உண்டு. திருப்தி இல்லையென்றால் வக்கீலை மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்கலாம். தனியாகப் பணம் கேட்டால் தராதீர்கள், புகார் கொடுங்கள். கிரிமினல் வழக்குகளுக்கென்றே சம்பளத்துக்கு முழுநேர வக்கீல்களை அமர்த்தும் திட்டம் 2022-ல் வந்திருக்கிறது. அது எனக்கு நம்பிக்கை தருகிறது. கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. போக முடியாதவர்கள் 15100-க்குப் போன் செய்யலாம்.

அந்த அம்மாவோடு நானும் உள்ளே போனேன். மனுப் படிவத்தில் 'ஆண்டு வருமானம்' என்று ஒரு கட்டம். அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், "அதை விடுங்க, உங்களுக்குத் தேவையில்ல. இங்க கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். எழுத்துக் கூட்டி, நிதானமாகப் போட்டார். எழுந்ததும் சுருக்குப்பையைத் திறந்து, "எவ்ளோ தரணும்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வெளியே வந்து இன்னொரு டீ குடித்தோம். அந்த ஐந்நூறை நீட்டி, கடைக்காரரிடம் சில்லறை இல்லை என்று திட்டு வாங்கி, இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்தார். என்னைத் தரவே விடவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்