வானத்துக்கும் பூட்டா?

தில்லியிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 1,760 கி.மீ.; தாஷ்கண்டுக்கோ சுமார் 1,580 கி.மீ.தான். ஆயினும் 2025 ஏப்ரல் இறுதியில் தாஷ்கண்ட், அல்மாட்டி ஆகிய இரு நகரங்களுக்கான சேவைகளை இண்டிகோ நிறுத்த நேர்ந்தது. பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டதால் நெடுந்தொலைவு சுற்றிச் செல்ல வேண்டும். அதற்கு அந்நிறுவனத்திடம் இருந்த விமானங்களின் பறக்கும் திறன் போதவில்லை. சென்னையைவிட அருகிலுள்ள ஊர், ஓரிரு நாளில் எட்டாத ஊராகிவிட்டது.

பஹல்காம் படுகொலையைத் தொடர்ந்து இந்தியா எடுத்த நடவடிக்கைகளுக்குப் பதிலாக, ஏப்ரல் 24-ல் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தடை விதித்தது. ஏப்ரல் 30-ல் தில்லியும் பதிலடி கொடுத்தது. அதன் பிறகு இரு நாடுகளும் மாதந்தோறும் தடையை நீட்டித்துக்கொண்டே சென்றன.

பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாட்டுடன் உறவைச் சுருக்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால், இந்தப் பதிலடியால் வலிப்பது யாருக்கு? இந்தியாவைக் கடந்து செல்லும் பாகிஸ்தான் விமானங்கள் சொற்பம். மேற்கே செல்லும் இந்திய விமானங்களோ ஏராளம். 2019-ல் பாலாகோட் தாக்குதலை அடுத்து பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டபோது, ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் ரூ.491 கோடி இழப்பு என்று மாநிலங்களவையில் அரசே தெரிவித்தது. அப்போதாவது பிற நாட்டு விமானங்களும் சுற்றித்தான் சென்றன. 2025-ல் விதிக்கப்பட்ட தடை இந்திய விமானங்களுக்கு மட்டும். தில்லியிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்படும் வெளிநாட்டு விமானம் நேர்வழியில் செல்லலாம். நமது விமானம் அரபிக் கடல் பக்கம் திரும்ப வேண்டும். 2025 செப்டம்பரில் தில்லி - வாஷிங்டன் சேவையை ஏர் இந்தியா நிறுத்தியபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

இந்தப் பாகுபாடுதான் கேள்விக்குரியது. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் உறுப்பினர்கள். நெருக்கடி காலத்தில் வான்வெளியைத் தாற்காலிகமாக மூட அதன் 9-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. எந்த நாட்டு விமானம் என்று வேறுபாடு காட்டக் கூடாது என்ற நிபந்தனையுடன்.

இதில் நமது கையும் முழுச் சுத்தம் அல்ல. 1971 ஜனவரியில் 'கங்கா' விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டபின், பாகிஸ்தான் விமானங்கள் நம் நாட்டின் மீது பறக்க இந்திரா காந்தி அரசு தடை விதித்தது. கராச்சியிலிருந்து டாக்காவுக்கு நேராகச் சுமார் 2,370 கி.மீ.; இலங்கையைச் சுற்றிச் சென்றபோது அது ஏறத்தாழ இருமடங்கானது. பாகிஸ்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் முறையிட்டது. அதை விசாரிக்க அந்த அமைப்பின் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்ற நமது வாதத்தை 1972-ல் சர்வதேச நீதிமன்றம் ஏற்கவில்லை. வான்வழி மீண்டும் திறந்தது 1976-ல்தான்.

அன்று நமக்கு எதிராக வந்த தீர்ப்பு இன்று நமக்கு ஆயுதம். பிற நாட்டு விமானங்களுக்கு இல்லாத தடை எங்களுக்கு மட்டும் ஏன் என்று அதே கவுன்சிலில் இந்தியா கேட்கலாம். அப்படிக் கேட்பதானால், நமது தடையையும் கைவிடத் தயார் என்று முதலில் அறிவிக்க வேண்டியிருக்கும். தில்லியின் தயக்கம் அங்கேதான் இருக்கிறது போலும்.